வலது பாதி

மறுநாள் காலை பத்து மணிக்குள் கல்லூரியில் படத்தை ஒப்படைக்க வேண்டும். அக்காவை அழைத்துப்போக அத்தான் நாலு மணிக்கு வருவார். அதற்குள் அக்கா ஒரே ஒரு வரியைச் சரியாகச் சொல்லிவிட்டால் நான் பிழைத்தேன். வரியும் பெரிய வரி இல்லை. "சரி, போயிட்டு வா." இதைச் சொல்ல முடியாமல் அவள் ஏழு டேக் வாங்கினாள்.

படம் மொத்தம் ஆறு நிமிடம். ஐந்து நிமிடம் தயார். மீதி ஒரு நிமிடத்தில்தான் படத்தின் உயிரே இருக்கிறது என்று வகுப்பில் எல்லாரிடமும் பீற்றிக்கொண்டு திரிந்தேன். ஒரு மேசை, நடுவில் ஒரு விளக்கு. ஒரே பெண் இரண்டு பேராக எதிரெதிரே உட்கார்ந்திருக்கிறாள். ஒருத்தி வீட்டை விட்டுக் கிளம்புகிறவள், மற்றவள் வீட்டிலேயே தங்கிவிடுகிறவள். ஏதேதோ பேசிவிட்டுக் கடைசியில் கிளம்புகிறவள் "நான் போயிட்டு வரேன்" என்கிறாள். தங்குகிறவள் "சரி, போயிட்டு வா" என்கிறாள். அவ்வளவுதான், இடது நாற்காலி காலியாகிவிடும். எழுதியபோது எனக்கே புல்லரித்தது. இதற்கு என்ன அர்த்தம் என்று யாராவது கேட்டால் மட்டும் கொஞ்சம் இருமிக்கொள்வேன்.

எடுப்பதற்குப் பெரிய மாயமந்திரம் எதுவும் வேண்டாம். கேமராவை ஓரிடத்தில் அசையாமல் நிறுத்தி, முதலில் அக்காவை இடது நாற்காலியில் உட்கார வைத்துப் பேச விட வேண்டும். பிறகு உடை மாற்றி வலது நாற்காலியில். இரண்டையும் கம்ப்யூட்டரில் நடுவாக வெட்டி ஒட்டினால் இரண்டு அக்கா. விளக்கின் தண்டுதான் நடுக்கோடு. இந்தப் பக்கத்துக் கை அந்தப் பக்கம் போனால் விரல் துண்டாகத் தெரியும். கேமரா மயிரிழை நகர்ந்தாலும், விளக்கு துளி மங்கினாலும், ஒட்டு பல்லிளித்துவிடும்.

வியாழக்கிழமையே இடது பாதியை எடுத்து முடித்திருந்தோம். வலது பாதியை வெள்ளிக்கிழமை எடுக்கலாம் என்று கேமராவை அப்படியே விட்டுப் போனோம். கேமரா நிற்கும் இடத்துக்கு அடையாளமாகத் தரையில் டேப் ஒட்டியிருந்தது அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. டிரைபாடைத் தூக்கி ஓரமாக வைத்து, டேப்பையெல்லாம் உரித்து, வீட்டைப் பளபளவென்று துடைத்து, டிரைபாடை "இருந்த இடத்திலேயே" திரும்ப வைத்திருந்தாள். வெள்ளிக்கிழமை பார்த்தால் நான்கு விரற்கடை தள்ளியிருந்தது. எல்லாம் முதலிலிருந்து. அன்று சாயங்காலமே அத்தான் வந்து, தன் அலுவலகத்தில் ஏதோ விருந்து என்று அக்காவை அழைத்துப் போய்விட்டார். "ஞாயித்துக்கிழமை காலையில கொண்டாந்து விடுறேன், நாலு மணிக்கு வந்து கூட்டிட்டுப் போயிடுவேன். போதுமா?" என்றார். சொன்ன சொல் தவறாத மனிதர். ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு அக்காவோடு விடுதியிலிருந்த எங்கள் லைட்டுகளையும் தன் காரிலேயே ஏற்றிக்கொண்டு வந்து இறக்கிவிட்டுப் போனார். அப்போது அவரைப் போல ஒரு அத்தான் யாருக்குக் கிடைப்பார் என்று நான் மனதார நினைத்தேன்.

எங்கள் கூட்டம் மூன்று பேர். கேமராவும் எஃபெக்ட்ஸும் பார்க்கிறவனுக்கு வகுப்பில் ரப்பர் என்று பெயர். படத்துக்குள் வந்துவிட்ட ஒயர், மைக், சுவரில் அடித்த ஆணி, எதுவானாலும் இருந்த தடம் தெரியாமல் அழித்துக் கொடுப்பான். லைட் பார்க்கிறவள் ஃபியூஸ். முதல் வருடம் விடுதி முழுவதையும் ஒரே செருகலில் இருட்டாக்கிய புண்ணியவதி. அதற்குப் பிறகு அவளைப் போல் ஜாக்கிரதைக்காரி கிடையாது. மூன்றாவது நான், இயக்குநர். அதாவது கத்துகிறவன்.

முன்னறையின் ஜன்னல்களில் கறுப்பு அட்டை வைத்து, இண்டு இடுக்கெல்லாம் டேப் ஒட்டினோம். வெளியே கொளுத்தும் வெயில், உள்ளே கும்மிருட்டு. மேசை விளக்கு ஒன்றுதான் காட்சியில் தெரியும் வெளிச்சம். முகத்தில் விழுவதும் அதிலிருந்தே வருவதாகத் தெரிய வேண்டும் என்று ஃபியூஸ் பிடிவாதமாக இருந்தாள். பழைய மாதிரி கம்பி பல்பு, அதைக் கூட்டிக் குறைக்க ஒரு டிம்மர். மாற்று பல்பு காரில் வரும்போதே உடைந்துவிட்டது. ஆகவே அந்த ஒற்றைப் பல்புதான் எங்கள் எல்லாருக்கும் உயிர். டேக்குக்கு டேக் அதை அணைத்து, விளக்கின் தொப்பிக்குப் பக்கத்தில் புறங்கையை வைத்துக் காய்ச்சல் பார்ப்பது போல் பார்த்தாள் அவள்.

மின்விசிறி கூடாது, சத்தம் மைக்கில் ஏறும். ஃபிரிட்ஜும் கூடாது. ஃபிரிட்ஜை அணைத்தால் திரும்பப் போட மறந்துவிடுவோம்; ஒரு தடவை யார் வீட்டிலோ பால், காய், மருந்து எல்லாம் பாழாகி வாங்கிக் கட்டிக்கொண்டோம். அதிலிருந்து எங்களுக்கு ஒரு வழக்கம். போகும்போது எடுக்காமல் போகவே முடியாத ஒரு பொருளை ஃபிரிட்ஜுக்குள் வைத்துவிடுவோம். எடுக்கத் திறக்கும்போது நினைவு வந்துவிடும். அன்றைக்கு ரப்பர் தன் பைக் சாவியை நீட்டினான். அக்கா அவனை முந்திக்கொண்டாள். "என் போனை வைங்க. அது இல்லாம நான் வாசல் தாண்ட முடியாது," என்று சொல்லி, தானே போய் உள்ளே வைத்துவிட்டு வந்தாள்.

இடது பாதி பதினோரு மணிக்கு ஒரே டேக்கில் முடிந்தது. கிளம்புகிறவளுக்கு நீளக்கை கோட்டு. அதைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து, விளக்குக்கு அந்தப் பக்கம் இருந்த என்னைப் பார்த்து, "நான் போயிட்டு வரேன்" என்று அக்கா சொன்ன விதத்தில் ரப்பர் கட் சொல்ல மறந்தே போனான். நான் துள்ளிக் குதிக்காத குறை. இந்த வேகத்தில் போனால் ஒரு மணிக்கு எல்லாம் முடித்து, சாயங்காலமே ஒட்டிவிடலாம். அம்மா சமையலறை வாசலில் ஈரத்துணியோடு நின்று, இப்போதாவது தரையைத் துடைக்கலாமா என்று கேட்டாள். மூன்று பேரும் ஒரே குரலில் வேண்டாம் என்றோம்.

வலது பாதிக்கு அக்கா சாதாரண வீட்டுச் சட்டையில் வந்தாள். அதிலும் முழுக்கை. வீட்டில் இருக்கிறவள் எதற்கு மணிக்கட்டு வரை மூடிக்கொள்ள வேண்டும், மடித்துவிடு என்றேன். முழங்கை வரை மடித்தாள். கையில் வெளிச்சம் போதவில்லை, இன்னும் மேலே மடி என்றேன். இப்படியே இருக்கட்டுமே என்றாள். நான் இயக்குநர் இல்லையா, விட்டுவிடுவேனா? கேமராவில் பார்க்கிற எனக்குத்தான் தெரியும் என்று ஒரு பாட்டம் பேசினேன். அவள் சற்று நேரம் என்னையே பார்த்தாள். பிறகு இரண்டு மடிப்பு மேலே ஏற்றிவிட்டு உட்கார்ந்தாள்.

அவள் பார்த்துப் பேசுவதற்கு எதிரில் ஒரு ஆள் வேண்டும். இல்லாவிட்டால் பார்வை அலைபாயும். எனவே அவள் கழற்றிப்போட்ட கோட்டை மாட்டிக்கொண்டு நான் இடது நாற்காலியில் உட்கார்ந்தேன். அந்தப் பாதியை எப்படியும் வெட்டி எறியப் போகிறோம், அதில் யார் இருந்தால் என்ன.

முதல் டேக்கில் எல்லா வரியும் சொல்லிக் கடைசி வரியில் நின்றுவிட்டாள். மறந்துபோச்சு என்றாள். இரண்டாவதில் இருமினாள். மூன்றாவதில் "சரி" வரை வந்து, தண்ணீர் கேட்டாள். நான்காவதில் நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோது, விளக்கு மினுக்குவது போல் இருக்கிறதே என்று தானே எழுந்தாள். விளக்கு மினுக்கவில்லை என்று ஃபியூஸ் சத்தியம் செய்தாள். எங்கள் வீட்டில் எல்லாருடைய போன் நம்பரும் மனப்பாடமாகத் தெரிந்தவள் அக்கா. எனக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்தவளே அவள்தான். அவளுக்கு மூன்று வார்த்தை மறக்குமா?

இதற்கு நடுவில் அரை மணிக்கு ஒரு தரம் என் போனில் அத்தான். சைலன்ட்டில் போட்டிருந்த போன் பாக்கெட்டுக்குள் அதிரும்போதெல்லாம் டேக் போய்விடுமோ என்று உயிர் போய் உயிர் வரும். பேசினால் தேன்போலப் பேசுவார். "டென்ஷன் ஆகாத, நிதானமா பண்ணுப்பா. அவளை மட்டும் கொஞ்சம் போன் எடுக்கச் சொல்லு." நான் அக்காவிடம் சொல்வேன். ஷூட்டிங்கில் போன் கூடாது என்று நீதானே சொன்னாய் என்பாள். அதுவும் நியாயம்தானே என்று அத்தானிடம் சொல்வேன். அவர் சிரித்துவிட்டு வைப்பார்.

ஏழாவது டேக்கும் அதே இடத்தில் நின்றபோது மணி மூன்று. எனக்குப் பொறுமை போயே போய்விட்டது.

"அக்கா, இதென்ன பெரிய வசனமா? அம்மா உன்கிட்ட எத்தனை தடவை சொல்லியிருக்கா, நான் சொல்லியிருக்கேன். நீ கிளம்புறப்ப நாங்க எல்லாரும் வாசல்ல நின்னு சொல்றதுதானே. அதே மாதிரி சொல்லிடேன்."

"ஆமா," என்றாள் அக்கா. "நீங்க எல்லாரும் நல்லாத்தான் சொல்றீங்க."

பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன். இப்படி ஒரு மரமண்டை.

பல்பு ஆறட்டும், பத்து நிமிடம் இடைவெளி என்று ஃபியூஸ் சொல்லிவிட்டாள். அந்த நேரத்தில் ஒட்டு சரியாக வருகிறதா என்று பார்க்கலாம் என்று ரப்பர் லேப்டாப்பைத் திறந்தான். காலையில் எடுத்த இடது பாதி, ஏழாவது டேக்கின் வலது பாதி, இரண்டையும் சேர்த்தான். சேர்ந்துவிட்டது. ஒரே மேசையில் இரண்டு அக்கா. நான் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டேன். ரப்பர் எழவில்லை. படத்தைப் பெரிதாக்கிக்கொண்டே போனான்.

"டேய், கன்டினியூட்டி இடிக்குது. மத்த சீன்ல எல்லாம் அவங்க கை சுத்தமா இருக்கு. இதுல பாரு."

முழங்கைக்கு மேலே, சட்டை மடிப்புக்குக் கீழே, நீலமும் கறுப்புமாகச் சில திட்டுகள். நேர் வெளிச்சத்தில் தெரிந்திருக்காது. விளக்கு பக்கவாட்டிலிருந்து தோலைத் தடவிக்கொண்டு போனதால், அந்த இடம் லேசாக வீங்கியிருப்பது வரை தெரிந்தது. ரப்பர் கர்சரை ஒவ்வொன்றின் மேலும் வைத்து எண்ணினான். நாலு. கை அசைவதால் ஒவ்வொரு ஃபிரேமாக எடுக்க வேண்டும், இரண்டு மணி நேரம் பிடிக்கும் என்றான்.

"தடம் தெரியாதே?" என்று கேட்டேன்.

"நான் அழிச்சு எது தெரிஞ்சிருக்கு?"

"அப்ப அழிச்சிடு."

இதை நான் சொன்னேன். இந்த வாயால் சொன்னேன். சொல்லிவிட்டு மணியைப் பார்த்தேன். இன்றைக்கு நினைத்தாலும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல் இருக்கிறது.

ஃபியூஸ் எங்களுக்குப் பின்னால் வந்து நின்றதை நான் கவனிக்கவில்லை. அவள் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவே இல்லை.

"இந்தப் பக்கம் நாலு," என்றாள் மெதுவாக. "அஞ்சாவது கையோட உள்பக்கம் இருக்கும்."

"அஞ்சாவதா?" என்றான் ரப்பர்.

ஃபியூஸ் தன் வலது கையால் தன் இடது கையை, முழங்கைக்கு மேலே, இறுகப் பிடித்துக் காட்டினாள். நாலு விரல் வெளியே தெரிந்தது. கட்டைவிரல் உள்ளே இருந்தது.

ரப்பர் லேப்டாப்பிலிருந்து கையை எடுத்துவிட்டான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அக்கா இந்த வீட்டிலிருந்து போகும்போது அரைக்கைச் சட்டைதான் போட்டிருந்தாள். ஞாயிறு காலை முழுக்கையோடு இறங்கினாள். அவளை இறக்கிவிட்டவர் என் தோளைத் தட்டி, நல்லா பண்ணு என்று சொல்லிவிட்டுப் போனார். அக்கா அறையின் அந்த மூலையில், அணைந்த விளக்குக்கு எதிரே, எங்களுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தாள். நாங்கள் பேசியது கேட்டிருக்குமா என்று தெரியவில்லை.

எழுந்து சமையலறைக்குப் போனேன். தண்ணீர் எடுக்க ஃபிரிட்ஜைத் திறந்தால், இருட்டுக்குள் காய்கறித் தட்டின் மேல் அக்காவின் போன் வெளிச்சம் போட்டுக்கொண்டிருந்தது. முப்பத்தொரு தவறிய அழைப்புகள், எல்லாம் ஒரே ஆள். அவற்றுக்குக் கீழே செய்திகள், திறக்காமலே படிக்கும்படி. ஏன் எடுக்க மாட்டேங்கிற. அங்க யார் யார் இருக்காங்க. வெள்ளிக்கிழமை சொன்னது ஞாபகம் இருக்கா. நாலு மணிக்கு வாசல்ல நிக்கணும். கடைசிச் செய்தி இரண்டே முக்காலுக்கு வந்திருந்தது. அதே இரண்டே முக்காலுக்குத்தான் என்னிடம் நிதானமா பண்ணுப்பா என்று சொன்னார்.

அம்மா அடுப்பு மேடையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அக்காவின் கையைப் பார்த்தாயா என்று கேட்டேன். துணி நிற்கவில்லை.

"கார் கதவுல இடிச்சுக்கிட்டேன்னு சொன்னா."

"நீ நம்பினியா?"

அவள் துடைத்த இடத்தையே துடைத்தாள். ஏற்கெனவே கண்ணாடி மாதிரி இருந்த மேடை. பிறகு என்னைப் பார்க்காமலே, "நம்பாம இருந்தா என்ன பண்றதுன்னு எனக்குத் தெரியலடா," என்றாள். அக்காவின் பை வாசலுக்குப் பக்கத்தில் தயாராக இருந்தது. காலையில் அதன் நிழல் சுவரில் விழுகிறது என்று ரப்பர் நகர்த்தச் சொன்னபோது, அத்தான் வந்தால் எடுக்கச் சுலபமாக இருக்கட்டும் என்று கதவோரம் வைத்தவளும் அம்மாதான்.

நான் முன்னறைக்குத் திரும்பினேன். மணி மூன்றே முக்கால். கோட்டை மாட்டிக்கொண்டு என் நாற்காலியில் உட்கார்ந்தேன். ஃபியூஸ் விளக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினாள். அக்காவின் முகம் இருட்டிலிருந்து வெளியே வந்தது. காலையிலிருந்து ஏழு டேக் எதிரில் உட்கார்ந்து பார்த்த முகம். அவள் உச்சரிப்பைப் பார்த்தேன், பார்வைக் கோட்டைப் பார்த்தேன், முடி கலைந்திருக்கிறதா என்று பார்த்தேன். அவளைப் பார்க்கவில்லை. மறதியும் இருமலும் தண்ணீரும் விளக்கு மினுக்கியதும் எதற்கென்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. படம் முடிந்தால் அவள் கிளம்ப வேண்டும். அவள் டேக்கைக் கெடுக்கவில்லை, நேரத்தைப் பிடித்து நிறுத்திக்கொண்டிருந்தாள். சட்டைக்கையை ஏற்று ஏற்று என்று நான் உயிரை வாங்கியபோது, சரி, தெரியட்டும் என்றுதான் ஏற்றியிருக்கிறாள். அதையும் அழிக்கச் சொன்னேன் நான்.

"அக்கா, அந்த வரியை வேணும்னா மாத்திடலாமா?"

"வேண்டாம். வரி நல்லாத்தான் இருக்கு," என்றாள். "யாரைப் பார்த்துச் சொல்றதுன்னுதான் தெரியல."

பிறகு, நாலு மணிக்குள் முடிந்துவிடுமா என்று கேட்டாள். சாதாரணமாகக் கேட்பது போல்தான் கேட்டாள். மேசை மேல் இருந்த அவள் விரல்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருந்தன.

"முடியாதுக்கா," என்றேன். "இன்னிக்கு முடியவே முடியாது. எத்தனை டேக் வேணும்னாலும் போவோம்."

அவள் தலையை ஆட்டினாள். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கூடவே பயம். நாலு மணிக்கு அவர் வந்து, வழக்கம் போல் சிரித்துக்கொண்டு, முடிஞ்சுதா என்று கேட்டால் நான் என்ன சொல்வேன்? எனக்கு நல்லது மட்டுமே செய்த ஆள். அவர் முன்னால் என் குரல் எழும்புமா என்றே எனக்கு நம்பிக்கை இல்லை. ரோல் என்று சொன்னேன். ரப்பர் பொத்தானை அழுத்தினான், கேமராவில் சிவப்புப் புள்ளி எரிந்தது. எட்டாவது டேக்.

அக்கா வாயைத் திறக்கும் முன் அழைப்பு மணி அடித்தது. மணி மூன்று ஐம்பத்திரண்டு. அம்மா கதவைத் திறக்கப் போவது கேட்டது. பகல் வெளிச்சம் ஒரு பட்டையாக உள்ளே விழுந்து, கதவு சாத்தியதும் மறைந்தது.

அத்தான் ஒயர்களை மிதிக்காமல் பார்த்துப் பார்த்து நடந்து வந்தார். தொந்தரவு பண்ணிட்டேனா என்று கிசுகிசுத்தார். பழக்கதோஷம், நான் எழுந்து நின்றுவிட்டேன். அவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். விளக்குக்கு இந்தப் பக்கம் அவர், அந்தப் பக்கம் அக்கா.

"நாலு மணின்னு சொல்லியிருந்தேனே," என்றார் அவளிடம். குரல் மெத்தென்று இருந்தது. "கிளம்பு."

அக்கா எழவில்லை. காலையிலிருந்து எந்த இடத்தைப் பார்த்துப் பேச வேண்டும் என்று நான் தொண்டை கிழியக் கத்தினேனோ, அந்த இடத்தில்தான் அவர் முகம் இருந்தது. அவள் அதை நேராகப் பார்த்தாள்.

"சரி," என்றாள். "நீங்க போயிட்டு வாங்க."

ஒரு திக்கலும் இல்லை. ஏழு டேக்கில் வராத வரி.

அத்தான் சிரித்தார். கேமராவைப் பார்த்தார், பிறகு திரும்பி என்னைப் பார்த்தார்.

"என்னப்பா, இது டயலாக்கா?"

ஆமாம் என்று சொல்வது எவ்வளவு சுலபம். எல்லாரும் சிரித்திருப்போம். அம்மா டீ போட்டிருப்பாள். பத்து நிமிடத்தில் பையைத் தூக்கிக்கொண்டு அக்கா படியிறங்கியிருப்பாள், நாங்கள் வாசலில் நின்று போயிட்டு வா என்று நன்றாகச் சொல்லியிருப்போம். கோட்டுக்குள் உடம்பெல்லாம் வியர்த்து ஊற்றியது.

"இல்ல அத்தான்," என்றேன். குரல் கீச்சென்று வந்தது. "அக்கா உங்ககிட்டதான் சொல்றா."

அவர் சிரிப்பு அப்படியே இருந்தது. எழாமலே, விளக்குக்கு மேலாக வலது கையை நீட்டினார், அவளுடைய அந்தக் கையைப் பிடிக்க. ஃபியூஸ் டிம்மரைக் கடைசி வரை திருப்பிவிட்டாள். பல்பு போய்விடும், மங்கலாகவே வைக்க வேண்டும் என்று காலையிலிருந்து எங்களை அதட்டிக்கொண்டிருந்தவள் அவள். பல்பு போகவில்லை. அறை வெள்ளையாக எரிந்தது. அக்காவின் கையில் இருந்த நாலு திட்டும், அதை நோக்கி நீண்டிருந்த நாலு விரலும் எல்லாருக்கும் தெரிந்தன. கை நடுக்கோட்டைத் தாண்டினால் ஷாட் வீண் என்று அப்போதும் என் மண்டையின் ஒரு மூலை சொன்னது, அதை என்ன செய்வது.

"சார்," என்றான் ரப்பர், கேமராவுக்குப் பின்னாலிருந்து. "கேமரா ஓடிட்டிருக்கு."

நீண்ட கை விளக்கின் தண்டுக்கு நேராக நின்றது. பிறகு மெல்லத் திரும்பிப் போய், சட்டைக் காலரைச் சரிசெய்தது. அத்தான் அம்மாவைத் தேடித் திரும்பினார், நீங்களாவது சொல்லுங்கள் என்பது போல. அம்மா கதவோரம் குனிந்து பையைத் தூக்கிக்கொண்டிருந்தாள். அவர் முகம் ஒரு கணம் தெளிந்தது. பையை இங்கே கொடுங்கள் என்று கையை நீட்டினார். அம்மா அவரைக் கடந்து, தரையில் ஒட்டியிருந்த டேப் ஒன்றைக்கூட மிதிக்காமல், பையை உள்ளறைக்குக் கொண்டுபோய் வைத்துவிட்டு, அந்தக் கதவைச் சாத்திக்கொண்டு அதன் முன்னால் நின்றாள். ஈரத்துணி இன்னும் அவள் கையிலேயே இருந்தது.

அத்தான் எழுந்தார். நாற்காலியை மேசைக்குள் சரியாகத் தள்ளி வைத்தார். எதையும் கோணலாக விட்டுப் போகிறவர் இல்லை.

"போன்ல பேசிக்கலாம்," என்றார் அக்காவிடம். இதைச் சொல்லும்போது சிரிப்பு இல்லை. படியில் செருப்புச் சத்தம் இறங்கியது. கீழே கார் கிளம்பியது.

கட் சொல்லவா என்று ரப்பர் கேட்டான். ஓடட்டும் என்றேன். அக்கா வலது நாற்காலியிலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு எழுந்து, விளக்கைச் சுற்றிக்கொண்டு சமையலறைக்குப் போனாள். சுவிட்ச் போடும் சத்தம் கேட்டது. ஃபிரிட்ஜ் ஒருமுறை உதறிக்கொண்டு ஓட ஆரம்பித்தது. கதவைத் திறந்து மூடுவதும் கேட்டது. போனோடு வருவாள் என்று நாங்கள் மூன்று பேரும் சமையலறை வாசலையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

தண்ணீர் பாட்டிலோடு வந்தாள். போனை உள்ளேயே விட்டுவிட்டிருந்தாள்.